மேவிஸைத் தாண்டி ஒரு தோட்டா போகாது

கிரேலாக் மாவட்டத்தில் துப்பாக்கியோடு நுழைய முடியாத ஒரே இடம் துப்பாக்கிச் சந்தைதான். வங்கிக்குள் போகலாம். தேவாலயத்துக்குள் போகலாம். கோழித்தீவனக் கடைக்கு இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகப் போய் நின்றாலும், எத்தனை மூட்டை வேண்டும் என்றுதான் கடைக்காரர் கேட்பார். ஆனால் வருஷத்துக்கு நான்கு சனிக்கிழமைகளில், பொருட்காட்சி மைதானத்துத் தகரக் கொட்டகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மேஜை மேஜையாகப் பரப்பி வைத்து விற்கிறார்களே, அதற்குள் மட்டும் தோட்டா போட்ட துப்பாக்கி ஒன்றைக்கூடக் கொண்டுபோக முடியாது. வாசலில் மேவிஸ் டிரிம்பிள் உட்கார்ந்திருந்தாள்.

அறுபத்து நான்கு வயது. நின்றால் ஐந்தடி, உட்கார்ந்தால் மேஜைக்கு மேல் கண்ணாடியும் கொண்டையும் மட்டும்தான் தெரியும். மேஜைக்கு ஒரு பக்கம் மணல் நிரப்பிய டிரம், மறுபக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டு கேபிள் டை, இழுத்தால் இறுகிக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டைகள். வருகிறவர் தன் துப்பாக்கியை எடுத்து, குழலை மணலுக்குள் நீட்டிப் பிடித்துக் காலி செய்ய வேண்டும். மேவிஸ் பேனா டார்ச்சை அடித்து உள்ளே பார்ப்பாள். பிறகு சுண்டுவிரலை விட்டும் பார்ப்பாள், தன் கண்ணையே நம்பாதவள். அப்புறம் ஒரு பட்டையை உள்ளே நுழைத்து, வெளியே எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு. அதோடு அந்தத் துப்பாக்கி உருளைக்கிழங்கு மசிக்கத்தான் ஆகும். விற்பதற்காகக் கொண்டுவருகிறவர்கள் குழலில் ஒரு குச்சியைச் செருகி, அதில் விலை எழுதிய அட்டையை ஒட்டிக்கொண்டு திரிவது வழக்கம். மேவிஸ் அந்தக் குச்சியையும் உருவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

எல்லாம் முடிந்து ஆள் நகரப்போகும்போது ஒரு வார்த்தை கேட்பாள்.

"வேற?"

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து கணுக்காலிலிருந்து ஒன்றை எடுத்து வைப்பார்கள். "வேற?" என்பாள் மறுபடியும். அக்குளுக்குள்ளிருந்து ஒன்று வரும். ஒருமுறை, வேட்டைத் துப்பாக்கி ஒன்றை விற்க வந்த ஒரு பன்றிப் பண்ணைக்காரர் நான்காவது 'வேற'யில் ஏழாவது துப்பாக்கியை எடுத்து வைத்துவிட்டு, தன் கையிலிருந்த கல்யாண மோதிரத்தையும் கழற்றி வைத்தார். மோதிரத்தை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இந்தக் கலையை அவள் கற்றது பள்ளிப் பேருந்தில். இருபத்தொன்பது வருஷம் பதினான்காம் நம்பர் பஸ்ஸை ஓட்டியவள். கடைசி சீட்டில் ஒரு பிள்ளை சூயிங்கத்தை வாயில் போட்டால் முன்னாலிருந்தே உறை பிரியும் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். பிள்ளை விழுங்கிவிடும். மாவட்டத்தில் பாதிப் பேர் அப்படி விழுங்கி வளர்ந்தவர்கள். இன்றைக்கு அவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது, தொப்பை விழுந்துவிட்டது, ஆனாலும் அவள் மேஜை முன்னால் வந்து நிற்கும்போது வாயில் எதையும் மெல்லமாட்டார்கள்.

கிணறு தோண்டும் தொழில் பார்த்த அவள் கணவர் ஏர்ல் மாரடைப்பில் போனார். அதே வருஷம் இரண்டு பஸ் தடங்களை ஒன்றாக்கி, மேவிஸுக்குப் பூங்கொத்தும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரளைக்கல் சாலையின் கடைசியில் தனி வீடு. யாரையும் முறைக்க முடியாமல், கடிகாரத்தை முறைத்துக்கொண்டு ஆறு மாதம் கிடந்தாள். அந்த நேரத்தில்தான் சந்தையை நடத்தும் ராய்ஸ் ஹோபார்ட் தேடி வந்தான். அதுவரை வாசலில் இருந்த ஆள் எல்லோரிடமும் வானிலை பேசிக்கொண்டே உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் ஒருவர் உள்ளே வைத்துக் கூரையைச் சுட்டுவிட்டார். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் சந்தைக்கு மங்களம் பாட வேண்டியதுதான்.

மேவிஸ் உட்கார்ந்தாள். பதினோரு வருஷமாயிற்று, கூரையில் இன்னொரு ஓட்டை விழவில்லை. மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாட்களையும் அவள் அந்த நான்கு சனிக்கிழமைகளுக்காகத்தான் ஓட்டினாள். அந்த நாற்காலி போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று அவள் ஒருதரம் யோசித்துப் பார்த்திருக்கிறாள். யோசித்தது பிடிக்காமல் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள்.

நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. நிரப்பிய துப்பாக்கி உள்ளே சோதனையாளரால் கண்டுபிடிக்கப்பட்டால், அந்த நபருக்கு ஆயுளுக்கும் அனுமதி இல்லை என்று மேலே எழுதியிருக்கும். கீழே கறுப்பு மார்க்கரில் ஆறு பெயர்கள், எல்லாம் அவள் கையெழுத்து. முதல் பெயர் வெண்டல். சொந்த அண்ணன். ஏழு வருஷத்துக்கு முன்னால் பூட்ஸுக்குள் கட்டைவிரல் அளவு ஒன்றை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறந்துவிட்டேன் என்றார். துப்பாக்கி வைத்திருப்பதை மறக்கிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டு, கையைப் பிடித்து வெளியே கொண்டுவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பிறந்த நாளுக்கு அட்டை மட்டும் அனுப்பிக்கொள்வார்கள், வெறும் கையெழுத்துப் போட்டு.

இப்படிப்பட்டவளுக்குத்தான் பிப்ரவரி மாதச் சந்தையில், காலை பத்தரை மணிக்கு, தொண்டை வறண்டது.

வெளியூரிலிருந்து வந்த ஒரு தடியர் காரணம். தனக்கு உரிமம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, நிரப்பாத துப்பாக்கியை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பதற்குப் பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு நடக்கலாம் என்று வாதாடினார். மேவிஸ் விடவில்லை. பத்து நிமிஷம் விதியை விளக்கினாள். கவனக்குறைவு என்பது என்ன, பொறுப்பு என்பது என்ன, தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாதவனால் ஊருக்கு என்ன கேடு என்று பின்வரிசை வரை கேட்கிறமாதிரி எடுத்துச் சொன்னாள். தடியர் வாயை மூடிக்கொண்டு பட்டையைக் கட்டவிட்டார். வரிசையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது, தொண்டைதான் காய்ந்துவிட்டது.

நாற்காலிக்கு அடியில் அவள் கைப்பை இருந்தது. கோழிப் படம் போட்ட துணியில் அவளே தைத்தது. பெப்பர்மிண்ட் எடுப்பதற்காகக் குனிந்து பார்க்காமலே கையை விட்டாள். மூக்குக் கண்ணாடி உறை, காகிதக் கைக்குட்டை, சலுகை விலைச் சீட்டுகள். அதற்கும் அடியில் சில்லென்று ஒன்று விரலில் பட்டது. சுண்டுவிரலுக்குத் தெரியாதா? பதினோரு வருஷமாக அதே வேலையைத்தானே செய்துகொண்டிருக்கிறது.

ஏர்ல் வாங்கிக் கொடுத்த சின்ன ரிவால்வர். எப்போதோ வெறி பிடித்த ரக்கூன் ஒன்று குப்பைத் தொட்டிப் பக்கம் வந்தது என்று வாங்கியது. ஐந்து தோட்டா பிடிக்கும். ஐந்தும் இருந்தன.

அவளை ஏமாற்றுக்காரி என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அவள் அதைத் துப்பாக்கி என்று நினைத்ததே இல்லை, அதுதான் விஷயம். கிரேலாக் பக்கத்து ஆட்களிடம் வீட்டில் எத்தனை துப்பாக்கி என்று கேட்டால் அலமாரியில் இருப்பதைத்தான் எண்ணுவார்கள். பையில் கிடப்பது சாவிக்கொத்து மாதிரி, பொய்ப்பல் மாதிரி. சந்தை நாட்களில் அவள் காலை ஆறரைக்கே வந்து, தன்னிடமிருக்கும் சாவியால் சமையலறைப் பின்கதவைத் திறந்து, காபி போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் வாசலில் மேஜையைப் போடுவாள். அவள் உள்ளே வரும் நேரத்தில் அவளைச் சோதிக்க அங்கே மேவிஸ் இல்லை. நாற்பத்து நான்கு சந்தைகள், நாற்பத்து நான்கு தடவையும் அந்தப் பை உள்ளே வந்திருக்கிறது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. வரிசையில் அடுத்து நின்ற விவசாயி அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு பேண்ட் காலையும் முழங்கால் வரை தூக்கிக் காட்டினார்.

அறுபது தப்படி நடந்தால் அவளுடைய பிக்கப் வண்டி. பையை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் வைத்துவிட்டு வந்தால் ஒரு பூச்சிக்கும் தெரியாது. போகத்தான் எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். திரும்பினால் பலகை. வெண்டல் என்ற பெயரில் அந்த 'வெ'யை அவள் கோபத்தில் மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாகப் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கால் வாசல் பக்கம் போகவில்லை. ராய்ஸைத் தேடிப் போனாள்.

ராய்ஸுக்கு ஐம்பத்திரண்டு வயது, அடர்ந்த மீசை. ஒரு காலத்தில் பதினான்காம் நம்பர் பஸ்ஸின் கடைசி சீட்டு. விஷயத்தைக் கேட்டதும் அவளை உப்புக்கண்டம் விற்கும் கடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"மேவிஸம்மா, இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அது சரி. வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சா போதாதா ராய்ஸ்?"

அவன் கெஞ்சிப் பார்த்தான். காப்பீட்டுக் கடிதத்தை நினைவுபடுத்தினான். இந்த நாற்காலியில் வேறு யார் உட்கார்வார்கள் என்று கேட்டான். பைக்குள் இருந்தது ஆள்மேல் இருந்ததாகாது என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தான். பேசும்போதெல்லாம் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் இடுப்பில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். முதுகுவலி போல என்று அவள் நினைத்தாள்.

"வெண்டலும் மறந்துட்டேன்னுதான் சொன்னான்," என்றாள் மேவிஸ். "அவன் காதுல இன்னும் நான் கேட்ட கேள்வி இருக்கும். இப்ப என்னை மட்டும் பூசி மெழுகினா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அங்க உட்காருவேன்?"

நீல வண்டியின் விளக்கு எரிகிறது, யாரோ ஒருவரின் பல்செட் கழிப்பறையில் கிடக்கிறது என்றெல்லாம் அறிவிப்பதற்கு அங்கே ஒரு ஒலிபெருக்கி இருந்தது. மேவிஸ் அதைக் கையில் எடுத்தாள். இந்த மண்டபத்துக்குள் காலையிலிருந்து நிரப்பிய துப்பாக்கி ஒன்று இருந்தது, சோதனையாளர் அதைக் கண்டுபிடித்துவிட்டார், அது சோதனையாளருடையதுதான் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். முந்நூறு பேர் இருந்த கொட்டகையில் சோளப்பொரி விற்பவன்கூட இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தன் மேஜைக்கு முன்னால், மற்றவர்கள் நிற்கும் பக்கத்தில் போய் நின்றாள். பையை மேஜையில் வைத்து, ரிவால்வரை எடுத்து மணலுக்குள் நீட்டினாள். ஐந்து தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள். டார்ச் அடித்தாள், விரலை விட்டாள், பட்டையைப் போட்டு இழுத்தாள்.

"வேற?" என்று தன்னையே கேட்டாள். "இல்லை," என்று பதிலும் சொன்னாள். பிறகு மார்க்கரை எடுத்து, பலகையில் ஏழாவதாகத் தன் பெயரை எழுதினாள். அழுகை வந்துவிடும்போல இருந்ததால் அவசரமாகக் கோட்டை மாட்டினாள்.

"மேவிஸ், கொஞ்சம் நில்லு," என்றது ஒரு குரல். பாஸ்டர் கார்வின். எழுபது வயது, ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தவர்.

ஆறுதலெல்லாம் நாளைக்குத் தேவாலயத்தில் கேட்டுக்கொள்கிறேன் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், அவர் முழங்கால் சடசடவென நெட்டி முறிய, குனிந்து இடது காலுறையை இறக்கினார். அதற்குள்ளிருந்து ஒரு தட்டையான பிஸ்டலை எடுத்து மேஜையில் வைத்தார். நிரப்பியது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் இதே மேஜையில் 'வேற?' என்று அவள் கேட்டபோது, ஆண்டவர் சாட்சியாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

அடுத்து நார்மா வந்தாள். உள்ளே பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் விற்கிறவள். ரொட்டித் தட்டுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்து, மாவைத் துடைத்து வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒருவர் தன் சக்கர நாற்காலியின் மெத்தைக்குள் கையை விட்டார். கோடாரி விற்கும் இரட்டைச் சகோதரர்கள் ஆளுக்கொன்று வைத்துவிட்டு, நீயுமாடா என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் கைத்தடியின் பிடியைத் திருகி எடுத்தார், உள்ளே ஒரு குழல். அது எந்தக் கணக்கில் சேரும் என்று யாருக்கும் விளங்கவில்லை. வாசலிலிருந்து உள்பக்கமாக ஒரு வரிசை நீண்டது. கடைசியில் ராய்ஸ் வந்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தான். வலியெல்லாம் ஒன்றுமில்லை.

மொத்தம் முப்பத்தெட்டு.

மேவிஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அவளைத் தாண்டி ஒரு தோட்டா போகவில்லை என்றுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். இப்போது பார்த்தால் எல்லோரும் அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஊர்வலமாகப் போயிருக்கிறார்கள். எத்தனை வருஷமாக என்று பாஸ்டரைக் கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார்.

ராய்ஸ் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விதிப்படி முப்பத்தெட்டுப் பேரும் ஆயுளுக்கும் வெளியே. கடைக்காரர்களே அதில் பாதி. பலகையில் அத்தனை பெயருக்கு இடமும் கிடையாது. அப்போது மேவிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பலகையில் இருந்த விதியை விரல் வைத்துப் படித்தாள்.

"சோதனையாளரால் கண்டுபிடிக்கப்பட்டால்," என்றாள். "உங்களை யாரும் கண்டுபிடிக்கலை. நீங்களா கொடுத்தீங்க. வண்டிக்குக் கொண்டுபோய் வெச்சுட்டு மறுபடி வரிசையில வாங்க."

ராய்ஸ் துள்ளி எழுந்தான். "அப்ப நீங்களும் நீங்களாத்தானே கொடுத்தீங்க, மேவிஸம்மா?"

"இல்லை. என்னை நான் கண்டுபிடிச்சேன். சோதனையாளர் யாரு? நான். யாரோட பையில? என் பையில. கையும் களவுமா பிடிச்சிருக்கேன், ராய்ஸ். விட முடியாது."

அவள் வெளியே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேராக வீட்டுக்குப் போயிருப்பாள். வண்டிச் சாவி பையில் இருந்தது, பை உள்ளே மேஜையில் இருந்தது, உள்ளே போக அவளுக்கு அனுமதி இல்லை. போய் எடுத்து வா என்று யாரிடமாவது கேட்கலாம். ஆனால் வீறாப்பாக வெளியேறின அடுத்த நிமிஷமே கதவைத் தட்டிச் சாவி கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. குளிரில் நின்றுகொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

நாற்காலியில் யாரை உட்காரவைப்பது என்று உள்ளே ஒரே குழப்பம். அன்றைக்கு நிரப்பிய துப்பாக்கி கொண்டுவராதவர்தான் உட்காரலாம் என்று ராய்ஸ் சொன்னான். வரிசையில் நிற்காதவர்கள்கூடச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். ஜாம் விற்கும் ஏமஸ் யோடர் மட்டும் கையைத் தூக்கினார். தாடி, கறுப்புக் கோட்டு, சண்டைக்கு ஆயுதம் தொடாத மெனோனைட் சபைக்காரர். மானுக்கு வீட்டில் ஒன்று இருக்கிறது, மனுஷனுக்கு ஒன்றும் வைத்துக்கொள்வதில்லை என்றார். அவரைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

ஏமஸ் நல்ல மனுஷர், அதுதான் சிக்கல். துப்பாக்கியை வாங்கி ஒழுங்காகத்தான் பார்த்தார். ஆனால் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும், கிண்டல் துளியும் இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு யாரைக் கண்டா பயம்?"

இதுவரை அதை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. முதல் ஆள் சிரித்தார். பிறகு யோசித்தார். பிறகு தன் மைத்துனரைப் பற்றி ஆரம்பித்து இருபத்தைந்து நிமிஷம் பேசினார். இரண்டாவது ஆள் முதுமையைப் பற்றிப் பேசினார். பூசணிக்காய் பேசிய வெளியூர்த் தடியர் ஏதோ ஒரு பெட்டியை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வரிசையில் வந்திருந்தார். அவர் வாத்துகள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரிசை பக்கத்திலிருந்த செம்மறியாட்டுக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போனது. இதையெல்லாம்கூட மேவிஸ் பொறுத்திருப்பாள். ஏமஸ் கேபிள் டையை ஜாம் பாட்டிலுக்கு நாடா கட்டுகிற மாதிரி பூப்போட்டுக் கட்டியதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கதவைத் திறந்து, ஷூ நுனி உள்ளே படாமல் தலையை மட்டும் நீட்டினாள்.

"இழுங்க ஏமஸ், இழுங்க. அது தப்பிச்சு ஓடுற சாமான்."

பாஸ்டர்தான் வழி சொன்னார். தடை மண்டபத்துக்குள் வருவதற்குத்தானே. வாசற்படிக்கு வெளியே தார் போட்ட தரை, அது மாவட்டத்துக்குச் சொந்தம். நான்கு பேர் சேர்ந்து மேஜையை நகர்த்திப் பாதி உள்ளே பாதி வெளியே என்று வாசலில் குறுக்கே போட்டார்கள். நாற்காலியை வெளிப்பக்கம் வைத்தார்கள். மேவிஸ் கொஞ்ச நேரம் பிகு பண்ணிக்கொண்டாள். அப்புறம் விதியைப் பலகையில் இன்னொரு முறை தூரத்திலிருந்தே படித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஏமஸ் ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஜாமுக்குத் திரும்பினார். ஒரு மணிக்குள் முப்பத்தெட்டுப் பேரும் வண்டிக்குப் போய்த் திரும்பி வந்து, இரண்டு இரண்டு 'வேற' வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக யாரும் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தோன்றியது, ஆனாலும் காலுறைகளைத் தடவிப் பார்த்தாள்.

வரிசை தீர்ந்த நேரத்தில் நார்மா ஒரு கிண்ணம் சூப்பும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வெளியே வந்தாள். மேவிஸ் விறைத்த கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள் நார்மா. "கோவிச்சுக்காதீங்க. உங்க பையில இருந்தது எனக்கு எட்டு வருஷமா தெரியும். ஒருநாள் காபி வடிகட்டற தாள் தேடறப்ப பார்த்துட்டேன்."

மேவிஸ் கரண்டியை வைத்துவிட்டாள். "யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லலை. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான்."

அப்படியானால் மாவட்டத்துக்கே தெரியும். நார்மாவின் கணவர் முடிதிருத்துகிறவர்.

"ஏன் ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? இன்னிக்குப் பண்ணினதைத்தான் அன்னிக்கே பண்ணியிருப்பீங்க. நாற்காலியை விட்டு எழுந்து போயிடுவீங்க. அப்புறம் அந்த வீட்டுல தனியா உட்கார்ந்து என்ன பண்ணுவீங்க? அதுக்குத்தான் யாரும் வாயைத் திறக்கலை, மேவிஸம்மா."

மேவிஸுக்கு வெட்கமாக இருந்தது. முந்நூறு பேரைத் தான் காவல் காத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள், முந்நூறு பேரும் சேர்ந்து அவளைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது. அது அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சூப்பை ஒரு வாய் குடித்தாள், உப்புக் குறைவு என்றாள், மீதியையும் குடித்தாள்.

நார்மா காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள். வெளியே வந்தவர் யாரானாலும் உள்ளே போக மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேவிஸின் வாய் பழக்கத்தில் திறந்தது.

"வேற?"

"என்கிட்ட என்ன இருக்கு, அப்பவே கொடுத்துட்டேனே," என்று சிரித்துக்கொண்டே நார்மா ஏப்ரன் பையைத் தட்டிக் காட்டினாள். தட்டின கை அப்படியே நின்றது. சிரிப்பும் நின்றது. மேவிஸ் எழுந்து, டார்ச்சை அடித்து, அந்தப் பைக்குள் சுண்டுவிரலை விட்டாள். சில்லென்று இருந்தது.

இதை நார்மா கொடுக்கவில்லை. சோதனையாளர் கண்டுபிடித்துவிட்டார். பலகையில் ஏழு பெயருக்குக் கீழே இன்னும் ஒரு பெயருக்கு இடம் இருந்தது. மார்க்கர் மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நார்மாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மறந்துவிட்டேன் என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை, அந்த வார்த்தைக்கு இங்கே என்ன மரியாதை என்று அவளுக்குத் தெரியும்.

மேவிஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். பாஸ்டர் ஜாம் ருசி பார்த்துக்கொண்டிருந்தார். ராய்ஸ் ஒலிபெருக்கியில் யாருடைய வண்டி விளக்கையோ பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் அவள் செய்யாத ஒரு காரியத்தைச் செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரிந்தது. விரலை வெளியே எடுத்தாள், டார்ச்சை அணைத்தாள், உட்கார்ந்தாள்.

"குளிர்ல விரல் மரத்துப்போச்சு, நார்மா. எனக்கு ஒண்ணும் தட்டுப்படலை," என்றாள். "உன் வண்டிக்கு ஒரு நடை போயிட்டு வா. வந்ததும் மறுபடி கேட்பேன்."